மதுவை விட்டார்க்குத் துணை நின்ற மூதறிஞர்

தீயதென்று தெளிந்த ஒன்றை விடுதற்கு மனத்திண்மை வேண்டும் என்பர் பெரியோர். மனத்திண்மை ஒன்றே போதுமோ என்பது ஆராயத்தக்கது. பல்லாண்டு கள்ளும் சாராயமும் பழகிய ஒருவன், இன்றுமுதல் தொடேன் என்று உறுதி கொள்கின்றான். அவ்வுறுதி காலையில் மலைபோல் நிற்கின்றது. பொழுது சாயுங்கால் பனிபோல் உருகுகின்றது. அம்மாலை வேளையில் அவனருகிருந்து அவனைத் தாங்குவார் யாவர்? இவ்வினாவிற்குத் தம் தொண்டினால் விடை கூறியவர், நம் கொங்கு நாட்டுப் புதுப்பாளையத்திற் குடிசையிட்டு வாழ்ந்த சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் ஆவர். அவர் வகித்த உயர்பதவிகளைப் பலரும் அறிவர். ஆதலின் அவற்றைச் சுருக்கி, இத்தொண்டினையே விரித்துரைக்கப் புகுகின்றோம்.

ஆச்சாரியார் 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஓசூர் அக்காலத்திற் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, சட்டந் தேர்ந்து, 1900-ஆம் ஆண்டிற் சேலத்தில் வழக்கறிஞராக அமர்ந்தார். தொழிலிற் பெரும்பொருளும் பெரும்புகழும் ஈட்டினார். நடுவயதிலேயே மனைவியாரை இழந்தும் மறுமணத்தை நாடாது, மக்கள் ஐவரையும் தாமே பேணினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்து ஊர்க்கு உழைத்தார். பின்னர்க் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்திற் புகுந்து, வருவாய் மிக்க தொழிலைத் துறந்து, 1921-ஆம் ஆண்டின் இறுதியிற் சிறை சென்றார்.

அவ்வாண்டு கள்ளுக்கடை மறியல் தமிழ்நாடெங்கும் நிகழ்ந்தது. ஈரோட்டில் ஈ. வெ. இராமசாமியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டி வீழ்த்தியதும், அவர்தம் மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மையாரும் மறியலில் முன்னின்றதும் நம் நாட்டார் மறவாத செய்திகள். ஆயினும் மறியல் என்பது கடைவாயிலில் நிற்கும் தொண்டு. உள்ளே புகாதே என்று அது வேண்டும். புகாது திரும்பினவன் அன்றிரவை எங்ஙனம் கழிப்பான் என்பதற்கு அதனிடம் விடையில்லை. அவன் திரும்பிச் செல்லும் வீட்டில் உணவிருக்க வேண்டும். கைக்கு வேலையிருக்க வேண்டும். பேசுதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். இவற்றைத் தேடிச் செல்வோர் கிராமத்திற்கே செல்லல் வேண்டும்.

ஆச்சாரியார் அங்ஙனமே சென்றார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த நிலத்தில், 1925-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் காந்தி ஆச்சிரமம் தோன்றியது. அதனைத் திறந்துவைத்தவர் ஈரோடு இராமசாமியாரே. பிற்காலத்தில் அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும், மது ஒழிப்பில் அன்று ஒருங்கு நின்றமை கருதத்தக்கது. மழை பொய்த்து வறண்ட அப்பகுதியிற் பெண்டிர்க்கு இராட்டினமும் பஞ்சும் வழங்கி, நூற்ற நூலுக்குக் கூலி அளித்தனர். கூலி பெற்ற பெண்டிரின் வீட்டில் அடுப்புப் புகைந்தது. பிணியாளர்க்கு மருந்தகம் இருந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் ஆச்சிரமத்தில் ஒருங்கு வாழ்ந்தனர். இவற்றோடு சுற்றுச் சிற்றூர்களில் மதுவிலக்குப் பிரசாரமும் நடைபெற்றது. ஒரு காலத்திற் பெரும்பொருள் ஈட்டிய வழக்கறிஞர், குடிசையிற் குடியிருந்து அம்மக்களிடையே பழகினார். உபதேசம் ஒருநாள் வந்து போவோரும் செய்வர். பக்கத்தில் வாழ்வோரே துணையாவர்.

1929-ஆம் ஆண்டில் 'விமோசனம்' என்னும் திங்களிதழை மதுவிலக்கிற்கென்றே ஆச்சாரியார் தொடங்கினார். பின்னாளிற் கல்கி என்னும் பெயராற் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தியார் ஆச்சிரமத்தில் தங்கி அவ்விதழ்ப் பணியில் உதவினார். கதைகளும் படங்களும் கொண்டு வெளிவந்த அவ்விதழ் பத்து இதழ்களோடு நின்றது. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டு, ஆச்சாரியார் வேதாரணியத்திற்கு யாத்திரை சென்று சிறைப்பட்டார்.

1937-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்திற் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இக்காலத்து நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்றைய சேலத்துள் அடங்கியிருந்தன. ஒரே நாளிற் கடைகள் யாவும் மூடப்பெற்றன. அதற்கு முந்திய மாலைவரை குடித்துவந்தோர் பல்லாயிரவர், மறுநாள் மாலை செய்வதறியாது நின்றிருப்பர். சட்டத்தை இயற்றினோர் இதனை முன்னரே கருதியமைதான் ஈண்டுச் சிறப்பாகக் குறிக்கத்தக்கது.

தறியில் நாளெல்லாம் இருந்தவனும் ஏரின்பின் நடந்தவனும் பொழுது சாய்ந்தபின் கூடுமிடம் கள்ளுக்கடையே. அங்கு அவனுக்குக் கள் மட்டுமன்று, கூட்டாளிகளும் பேச்சும் சிரிப்பும் கிடைத்தன. கடையை மூடினால் இவை யாவும் ஒருங்கே மறைகின்றன. ஆதலின் அவ்விடத்தை வேறொன்றால் நிரப்புதல் இன்றியமையாததாயிற்று. அப்போது மாவட்டக் கலெக்டராக இருந்த டிக்சன் துரை, ஆங்கிலேயராயிருந்தும், இதில் ஊக்கத்தோடு உழைத்தார். ஊர்தோறும் பஜனைக் கூட்டங்களும் விளையாட்டுக்களும் நாடகங்களும் ஏற்படுத்தப்பட்டன. தேநீர்க் கடைகள் தோன்றின. மிஞ்சிய காசைச் சேர்த்துவைக்கச் சிக்கனச் சங்கங்கள் அமைந்தன. கள்ளிறக்கிப் பிழைத்தோர் பதநீர் இறக்கி வெல்லங் காய்ச்சுதற்கு வழி செய்யப்பட்டது. இங்ஙனம் ஒருவன் உறுதியைக் காக்கும் பொறுப்பு ஊரின் பொறுப்பாக்கப்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், சேலத்தில் விளைந்த பயனை ஆராய்ந்து எழுதினார். குடிக்குச் சென்ற காசு உணவிற்கும் உடைக்கும் செலவாயிற்று என்பது அத்தகைய ஆராய்ச்சிகளாற் புலனாயிற்று. அரசாங்கம் இழந்த வருவாய்க்கு ஈடாக 1939-இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. குறைகள் இல்லாமலும் இல்லை. கள்ளத்தனமாய்க் காய்ச்சுவோர் இருந்தனர். சட்டத்தின் கடுமையைக் குறை கூறினோரும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இடையே, மக்களாட்சி இல்லாத காலத்தில், மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது.

ஆச்சாரியார் 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், 1952 முதல் 1954 வரை சென்னை முதலமைச்சராகவும் விளங்கினார். 1954-இற் பாரத ரத்தினம் என்னும் விருது பெற்றார். 1971-இல் தமிழ்நாட்டரசு மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டபோது, தொண்ணூற்றிரண்டு வயது நிரம்பிய அம்முதியவர், மழை பெய்துகொண்டிருந்த ஓரிரவில் முதலமைச்சர் கருணாநிதியாரின் இல்லம் சென்று, அது வேண்டாவென மன்றாடினார். வேண்டுகோள் நிறைவேறவில்லை. 1972-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? கடைகளை மூடுவதும் திறப்பதும் அரசினர் செயல். நம் உறவினன் ஒருவன் குடியை விட்ட முதற் சில நாட்களில் அவனுக்கு உதவுவது நம் செயல். அதற்கு எச்சட்டமும் வேண்டுவதில்லை.

அந்நாட்களின் இயல்பை இக்கால மருத்துவர் தெளிவாக அறிந்துரைக்கின்றனர். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திற்குள்ளாகவே கைந்நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றலாம். முதலிரு நாட்களில் வலிப்பும், அதனையடுத்த நாட்களில் அறிவு மயங்கிப் பிதற்றலும் சிலர்க்கு நேரும். அவை உயிர்க்கே ஊறு செய்தலும் உண்டு. ஆதலின் அத்தகையான் மருத்துவரைக் கண்டபின்னரே நிறுத்துதல் வேண்டும். நடுக்கங் கண்டு இவன் நடிக்கின்றான் என்று நகைத்தல் பேதைமையும் கொடுமையும் ஆகும்.

உடல் தேறிய பின்னும் தனிமை அவனை வருத்தும். சேலத்துச் சட்டத்திற்கு ஈராண்டு முன்னர், 1935-இல், அமெரிக்க நாட்டு அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில திங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்பார், மீண்டும் குடிக்குமாறு மனம் இழுத்தபோது, தம்போற் குடியால் வருந்தும் வேறொருவரைத் தேடிச் சென்று பேசினார். அவர் தேடிச் சென்றவர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவர். அவ்விருவர் பேச்சே, பெயர் வெளியிடாக் குடிநோயர் கூட்டம் என்று உலகெங்கும் பரவிய பேரமைப்பின் வித்தாயிற்று. புதுப்பாளையமும் அக்ரனும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டும் உணர்த்திய உண்மை ஒன்றே: குடியை விடுவான் தனியனாய் நிற்றலாகாது.

நம் குடும்பங்களிலோ நிகழ்வது வேறு. ஒருவன் குடியை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருக்கும். கிடாவெட்டு விருந்திற் பங்காளியரும் மாமன் மைத்துனரும் சூழ்ந்து, இன்றைக்கு ஒருநாள் என்று கிண்ணத்தை நீட்டுகின்றனர். மறுத்தால் பெரிய மனிதனாகிவிட்டான் என்று எள்ளுகின்றனர். இழவு வீட்டிலும் இவ்வாறே. அக்கிண்ணத்தை நீட்டும் கை, அன்பின் கையன்று. அவன் மனைவி மக்களின் சோற்றைப் பறிக்கும் கையாகும். அன்புடையார் அவனை மாலையில் தம் திண்ணைக்கு அழைத்து, தேநீரோ மோரோ தந்து, இருட்டி உண்டு உறங்கச் செல்லும்வரை உடனிருந்து உரையாடுக. அவன் பழைய பிழைகளை எண்ணிக் காட்டாது, புதிய நாட்களை எண்ணுக. தவறி ஒருநாள் குடித்தானாயினும், கைவிடாது மறுநாளும் அழைக்க.

வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தருளினார். அதனைக் கற்றுக் கொடுத்தல் எம்போலும் ஆசிரியர் கடன். அதன்வழி நிற்க முயல்வானுக்குத் தோள் கொடுத்தல் உறவினரும் ஊராரும் ஆகிய எல்லார் கடனுமாகும். குடிசையிலிருந்து அக்கடனை ஆற்றிக் காட்டிய மூதறிஞரின் புகழ் நிலவுக!