தமிழ் கற்ற தூய சவேரியார்

ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாளன்று, பழைய கோவாவிலும் குமரி மாவட்டத்துக் கோட்டாற்றிலும் தூய பிரான்சிஸ் சவேரியாரின் திருநாள் பெருஞ்சிறப்புடன் கொண்டாடப்பெறுகின்றது. அவரது திருவுடல் பழைய கோவாவின் பொம் ஜேசு பேராலயத்தில் வெள்ளிப் பேழையில் வைக்கப்பெற்றுள்ளது. பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைக் காணப் பல நாட்டினரும் திரள்கின்றனர். ஆயினும் அவ்வடிகளாருக்கும் நம் தாய்மொழிக்கும் இருந்த உறவைப் பலர் அறியார். பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நாம் அதனை அறிந்துகொள்ளுதல் தகும்.

இன்றைய ஸ்பெயினின் வடபால் உள்ள நவார் நாட்டில், 1506 ஏப்ரல் 7-இல், சவேரியார் உயர்குடியில் பிறந்தார். இளமையிலேயே போரினால் நாடும் குடும்பமும் நிலைகுலையக் கண்டார். பாரிஸ் மாநகரில் கல்வி கற்று, ஆசிரியராகவும் விளங்கினார். ஆங்கு இஞ்ஞாசியாரின் நட்பு அவர் உள்ளத்தை மாற்றியது. 1534-இல் தோழர் அறுவருடன் துறவு வாழ்வுக்கு உறுதி பூண்டார். 1541-இல் தம் பிறந்தநாளன்றே லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6-இல் கோவாவை அடைந்தார்.

அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றவர். எனினும் அவர்தம் மொழியில் மறையைக் கற்பிப்பார் இலர். சவேரியாரோ தமிழ் அறியார். இருமொழியும் தெரிந்தோர் சிலரைத் துணைகொண்டு, செபங்களைத் தமிழாக்கி நெட்டுருச் செய்தார். பின்னர்க் கையில் மணியேந்தித் தெருத்தெருவாக நடந்து சிறுவரை அழைத்தார். தாம் கற்றவற்றை அச்சிறுவர் தம் பெற்றோர்க்குக் கற்பித்தனர்.

அத்தமிழில் பிழைகளும் நேர்ந்தன. விசுவாசத்தை அறிக்கையிடும் செபத்தில், விசுவசிக்கிறேன் என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்னும் சொல் அமைந்துவிட்டது. பின்னர் இதனை உணர்ந்தபோது அவர் நாணி மறைக்கவில்லை. உடன் பணியாற்றியவருக்கு மடல் வரைந்து அச்சொல்லைத் திருத்தச் செய்தார். கற்றறிந்த பெருமகன் ஒருவர் மீனவச் சிற்றூரின் மொழி முன் மாணவராய்ப் பணிந்து நின்ற இச்செயலை, அவரைப் பற்றிக் கூறப்படும் அற்புதங்களினும் உயர்ந்ததாக நாம் கருதுகின்றோம்.

1544-இல் வடுகர் படை குமரிக்கரையைச் சூறையாடிற்று. மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் நீர்வேட்கையாலும் வாடினர். அடிகளார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவுப் பொருள்களுடன் புறப்பட்டார். எதிர்க்காற்று வழிமறிக்கவே, கரைவழியே நடந்து சென்று துணைபுரிந்தார். மக்களைச் சுரண்டிய போர்த்துக்கீசிய அலுவலரையும் கண்டிக்கத் தவறினாரல்லர்.

குறையையும் கூறுதல் நேர்மை. கோவாவில் சமய விசாரணை மன்றம் அமைக்குமாறு 1546-இல் அரசருக்கு எழுதியவரும் அவரே. அவர் மறைவுக்குப் பின், 1560-இல் அமைந்த அம்மன்றத்தால் மக்கள் பட்ட துன்பம் பெரிது. அன்பின் பாதை எது, அச்சத்தின் பாதை எது என்பதை அவர் வாழ்வே நமக்குக் காட்டுகின்றது.

மலாக்காவுக்கும் மொலுக்காத் தீவுகளுக்கும் சென்ற அவர், 1549-இல் ஜப்பானை அடைந்தார். சீனம் புகும் வேட்கையுடன் அதன் கரையோரத் தீவொன்றில் காத்திருந்தபோது, 1552 டிசம்பர் 3-இல், 46-ஆம் வயதில் உயிர் நீத்தார். 1622-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவர் தொடங்கிய மொழிப்பணியை அண்டிரிக் அடிகளார் வளர்த்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவரது தம்பிரான் வணக்கமே, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகும்.

நாம் வாழும் ஊரின் மொழியைப் பிழைபட்டேனும் பேசுவோம். திருத்துவோர் திருத்தினால் மகிழ்ந்து ஏற்போம். நம் மக்கள் தமிழில் தடுமாறும்போதும் எள்ளி நகையாது, பொறுமையுடன் கற்பிப்போமாக.