கைகளுக்குக் கல்வி தந்த மாண்டிசோரி அம்மையார்

மாண்டிசோரி என்றதும் மழலையர் பள்ளிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், விஞ்ஞானத்தை எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதற்கும் அந்த அம்மையார் வழி காட்டினார். அவ்வழியின் ஒரு பகுதி நம் தமிழ் மண்ணிலேயே உருவாயிற்று என்பதை அறியும்போது நமக்கு எத்துணை மகிழ்ச்சி!

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில், கியாரவல்லே என்னும் ஊரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாயிருந்த அக்காலத்தில் ஆண்கள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயிலத் துணிந்தார். ஆண்களோடு சேர்ந்து சவப் பரிசோதனை செய்தல் பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், மற்ற மாணவர்கள் சென்றபின் தனியே நின்று அதனைக் கற்றார். 1896-இல் ரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

நல்ல மருத்துவர் முதலில் நோயாளியைக் கவனிக்கிறார்; பிறகே மருந்து எழுதுகிறார். அம்மையார் வகுப்பறைக்குள்ளும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்தார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே மரக்கட்டையொன்றில் பல அளவுக் குழிகளும், அவற்றில் பொருந்தும் உருளைகளும் இருந்தன. ஓர் உருளையை இடம் மாற்றி வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். ஆசிரியை கடிந்துகொள்ள வேண்டியதில்லை. தவற்றைக் கட்டையே காட்டிவிடும். குழந்தை தானே திருத்திக்கொள்ளும். செய்து பார், தவறினால் காரணம் தேடு, மீண்டும் செய் என்பதுதானே விஞ்ஞானத்தின் உயிர்நாடி?

1939-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சுமார் 300 பேர் அவரிடம் ஆசிரியர் பயிற்சி பெற்றனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்துக்கும் தடை விதித்தது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று மகன் விடுதலையானார். முதுமையும் அந்நிய நாடும் மனத்துயரும் சூழ்ந்தபோதும் அம்மையார் தம் பணியை விடவில்லை.

பின்னர்க் கொடைக்கானலில் தங்கிய ஆண்டுகளில், சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு மலையையே ஆய்வுக்கூடமாக்கினார். இலைகளும் பூச்சிகளும் நீர்ச்செடிகளும் பாடங்களாயின. பெயரை மனனம் செய்யுமுன் பொருளைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், ஒப்பிட வேண்டும் என்பதே அவர் கண்ட முறை. அவர் 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டில் காலமானார்.

இம்முறைக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமோ என்று நாம் ஐயுறலாம். அம்மையார் வழியில் புவியியல் கற்பிக்க இரண்டு தட்டுகளும் களிமண்ணும் நீரும் போதும். ஒரு தட்டில் நடுவே பள்ளம் செய்து நீர் ஊற்றினால் ஏரி. மற்றொன்றில் நடுவே மண்ணை வைத்துச் சுற்றிலும் நீர் ஊற்றினால் தீவு. இதைச் செய்து பார்த்த சிறுமி பழவேற்காட்டு ஏரியையும், அதனைக் கடலிலிருந்து பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவையும் காணும்போது பாடம் கண்முன் விரிவதை உணர்வாள் அல்லவா?

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரியும் வயலும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கும் ஆலைகளும் உண்டு. பெற்றோரே, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று உங்கள் மகள் கேட்டால் உடனே விடை சொல்லிவிடாதீர்கள். ஓர் ஆணியை ஈரத்திலும் மற்றொன்றை உலர்ந்த இடத்திலும் வைத்துச் சில நாள் காத்திருக்கச் சொல்லுங்கள். மாணவியரே, மதிப்பெண் தேர்வோடு முடிந்துவிடும். கையால் செய்து கண்ட உண்மையோ ஆயுள் முழுதும் நம்மோடு நிற்கும்.