வெள்ளிக்கிழமை நண்பர்கள்

பணமும் வங்கியியலும் என்ற பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் நடத்தியவன் நான். காகிதப் பணத்தின் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம், 1729-இல் பிலடெல்பியா நகரில் வெளிவந்த ஒரு சிறு நூலைக் குறிப்பிடுவது என் வழக்கம். வெள்ளி நாணயமெல்லாம் இறக்குமதிக்கு விலையாக இங்கிலாந்துக்குப் போய்விட, உள்ளூர் வணிகம் காசின்றித் தேங்கிக் கிடந்த காலம் அது. நிலத்தை ஈடாகக் கொண்டு காகிதப் பணம் வெளியிட வேண்டும் என அந்த நூல் வாதிட்டது. பொருளின் மதிப்பை உழைப்பால் அளக்கலாம் என்ற கருத்து அதில் இருப்பதை நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து காரல் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார்.

அதை எழுதியவர் பொருளாதாரம் படித்த அறிஞர் அல்லர். இரண்டே ஆண்டுகள் பள்ளிக்குச் சென்ற 23 வயது அச்சகக்காரர். பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலையும் மின்சாரத்தையும் ஒன்றென மெய்ப்பித்தவராகவும் அமெரிக்க விடுதலையின் சிற்பிகளில் ஒருவராகவும் உலகம் அறிந்த அதே பிராங்க்ளின்தான். இரண்டாண்டுப் படிப்போடு இப்படி ஒரு நூலை எழுத அவருக்கு எப்படி முடிந்தது என்று பணியில் இருந்தவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. பணி ஓய்வுக்குப் பிறகே அந்தக் கேள்வி எழுந்தது. அதற்குக் காரணம் உண்டு.

ஓய்வு பெற்றபின் நான் இழந்தது ஊதியத்தை அன்று. ஆசிரியர் அறையின் பேச்சை. அதை ஈடுகட்ட எங்கள் ஊரில் ஆறு பேர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினோம். நாள் குறிக்கவில்லை, விதி வகுக்கவில்லை. நண்பர்களுக்குள் சடங்கு எதற்கு என்று சொன்னவன் நானே. எட்டாவது மாதத்தில் வட்டம் தானாக நின்றுபோனது. அப்போதுதான் பிராங்க்ளினின் வாழ்க்கையை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன்.

1706-இல் பாஸ்டன் நகரில், மெழுகுத்திரியும் சோப்பும் செய்து விற்றவரின் 17 பிள்ளைகளில் 15-ஆவதாகப் பிறந்தவர் அவர். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகுநராக ஒப்பந்தம் செய்யப்பட்டார். அண்ணனின் அடியும் கடுமையும் பொறுக்காமல், ஒப்பந்தத்தை மீறி 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிவந்தார். குலமோ பொருளோ அறிமுகமோ இல்லாத ஊரில் ஓர் இளைஞன் எதைப் பற்றிக்கொண்டு மேலேறுவது?

1727-இல் அவர் கண்ட விடை, ஜண்டோ என்ற பெயரில் அமைந்த ஒரு சிறு குழு. வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் கூடுவார்கள். கண்ணாடி பதிப்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், நில அளவையாளர், பத்திரம் எழுதுபவர், வணிகரின் எழுத்தர் எனப் பெரும்பாலும் கைத்தொழில் செய்தவர்கள். தொழிலாளர் அணியும் தோல் மேலங்கியின் பெயரால் ஊரார் அவர்களை அழைத்தனர்.

அந்தக் கூட்டம் வெறும் அரட்டையாகக் கலையாமல் காத்தது அதன் ஒழுங்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் 24 கேள்விகள் வரிசையாக வாசிக்கப்படும். அண்மையில் படித்ததில் பகிரத்தக்கது என்ன, ஊரில் யாருடைய தொழில் நொடித்தது, ஏன், யார் செழித்தார், எவ்வழியில், புதிதாக ஊருக்கு வந்த தகுதியுள்ளவர் யார், எந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும், நம் உதவி யாருக்குத் தேவை என அவை நீளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தாமே எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்க வேண்டும். அடித்துப் பேசினாலோ நேருக்கு நேர் மறுத்துரைத்தாலோ சிறு தண்டம் உண்டு. காகிதப் பணம் பற்றிய நூல் இந்த மேசையில் நடந்த விவாதத்தில் விளைந்ததே. நோட்டு அச்சிடும் பணி பின்னர் பிராங்க்ளினுக்கே கிடைத்தது என்பதையும் பொருளாதார மாணவர்கள் மறக்கலாகாது.

பொதுநலத்தில் தன்னலமும் கலந்தே இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஜண்டோவின் மெய்யான வலிமை, அச்சகம் கடனில் மூழ்கும் நிலை வந்தபோது வெளிப்பட்டது. கூட்டாளியின் தந்தை தருவதாகச் சொன்ன பணம் பாதியில் நின்றது. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்தார். அப்போது ஜண்டோ நண்பர்கள் இருவர், வில்லியம் கோல்மனும் ராபர்ட் கிரேசும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், தேவையான பணம் முழுவதையும் தருவதாகத் தனித்தனியே வந்து சொன்னார்கள். ஒருவரைத் தேர்ந்து மற்றவரை வருத்த விரும்பாமல் இருவரிடமும் பாதிப் பாதி பெற்றுக்கொண்டார் பிராங்க்ளின். ஈடாக வைக்க அவரிடம் ஏதும் இல்லை. வாரந்தோறும் அருகிலிருந்து அவர் பேச்சையும் உழைப்பையும் பார்த்ததே அந்த நண்பர்களுக்கு ஈடு. கடன் வாங்குபவரை அறிவது எப்படி என்று பொருளாதாரம் இன்றும் ஆராய்கிறது. ஜண்டோவில் அது இயல்பாக நடந்தது.

1731-இன் தொடக்கத்தில், 25 வயதில், பிராங்க்ளின் பிலடெல்பியாவின் ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர்ந்தார். நம் ஊரில் லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி. கட்டுமான இடத்தில் கற்கொத்தர்கள் கூடும் கொட்டகைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே ஃப்ரீமேசன்களின் சபைக்கும் பெயராயிற்று. சென்னை எழும்பூரிலும் அவர்களுக்கு ஒரு மண்டபம் உண்டு. கதவடைத்து நடக்கும் சடங்குகளால் இந்தச் சபை எங்கும் ஐயத்தைக் கிளப்பியிருக்கிறது. ஆனால் சடங்கின் கரு எளியது. நம் கொத்தனார்கள் அன்றாடம் கையாளும் கருவிகளே அங்கே பாடங்கள். நடத்தை கோணாமலிருக்க மூலைமட்டம். மனிதர் யாவரும் சமம் என்பதற்கு ரசமட்டம். நிமிர்ந்த வாழ்வுக்குத் தூக்குக்குண்டு. ஆசைக்கு எல்லை வரையக் கவராயம். தொழில் பழகுநர், தேர்ந்த தொழிலாளர், ஆசான் என மூன்று படிகள். கரடுமுரடான கல்லைச் செதுக்கிச் சீராக்குவதுபோல் ஒருவன் தன்னைச் செதுக்கிக்கொள்ள வேண்டும் என்பது உட்பொருள்.

உண்மையிலேயே தொழில் பழகுநராக இருந்து ஓடிவந்தவருக்கு இந்தப் படிகள் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! ஓராண்டில் சபையின் விதிகளை வகுப்பதில் பங்கேற்றார். 1734-இல் லண்டன் ஃப்ரீமேசன்களின் விதிநூலை மறுபதிப்புச் செய்தார். அமெரிக்காவில் அச்சான முதல் ஃப்ரீமேசன் நூல் அது. அதே ஆண்டில் பென்சில்வேனியா மாநிலச் சபையின் தலைவரானார்.

தன்னைச் செதுக்கும் வேலையை அவர் தனிமையிலும் செய்தார். அடக்கம், சிக்கனம், வாய்மை, நீதி முதலான 13 பண்புகளைப் பட்டியலிட்டு, சிறு குறிப்பேட்டில் கட்டம் வரைந்து, வாரம் ஒரு பண்பாகக் கைக்கொண்டு, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்தார். ஆண்டுக்கு நான்கு சுற்று. முதலில் 12 பண்புகளே இருந்தன. அவரிடம் செருக்கு மிகுதி என்று நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியபின் பணிவு 13-ஆவதாகச் சேர்ந்தது. தன் குறையைத் தான் காண முடியாது, அதற்கு ஒரு நண்பன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இந்தப் பயிற்சியை முடித்தவர்களைக் கொண்டு, எல்லா நாடுகளிலும் நல்லோர் சங்கம் ஒன்று அமைக்கவும் 1731-இல் திட்டமிட்டார். அது கைகூடவில்லை.

கைகூடியவை வேறு. ஜண்டோ நண்பர்கள் தம் நூல்களை ஒன்றாக வைத்துப் பார்த்ததிலிருந்து 1731-இல் சந்தா நூலகம் பிறந்தது: 50 பேர், தொடக்கத்தில் ஆளுக்கு 40 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு 10 ஷில்லிங். 1736-இல் தோல் வாளிகளோடு தீயணைக்கும் தன்னார்வக் குழு. 1751-இல் மருத்துவமனை. மக்களிடம் 2,000 பவுன் திரண்டால் அரசு 2,000 பவுன் தரட்டும் என்ற ஏற்பாட்டைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். இன்று இணை மானியம் என நாம் பாடம் நடத்துவது அதுவே.

ஆனால் மூடிய கதவுக்கு ஒரு விலையும் உண்டு. அதை மறைத்தால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது.

1737-இல் மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் தொழில் பழகிய டேனியல் ரீஸ் என்ற இளைஞன், ஃப்ரீமேசன் ஆக ஆசைப்பட்டான். முதலாளியும் கூட்டாளிகளும் ஃப்ரீமேசன்கள் அல்லர். இருந்தும் கேலிக்காகப் போலிச் சடங்கு ஒன்றை அவனுக்கு நடத்தினார்கள். அதைக் கேள்விப்பட்ட பிராங்க்ளின் சிரித்தார். போலி உறுதிமொழியின் படியை வாங்கி நண்பர்களுக்கும் காட்டினார். அடுத்த முறை நடந்த கூத்தில் எரியும் சாராயம் இளைஞன் மேல் கொட்டியது. சில நாள்களில் அவன் இறந்தான். முதலாளி தண்டனை பெற்றார். போட்டிப் பத்திரிகை பிராங்க்ளினைச் சாடியது. அவனை எச்சரிக்க முயன்றதாக அவர் விளக்கமளித்தார். அப்படியே இருக்கட்டும். ஆனால் முதலில் சிரித்தார் என்பது உண்மை. வட்டத்துக்கு உள்ளே இருப்பவனுக்கு, வெளியே நின்று ஏங்குபவனின் தவிப்பு வேடிக்கையாகத் தெரியும் என்பதற்கு அந்த மரணம் சாட்சி.

செய்தி பாஸ்டனில் இருந்த பெற்றோரை எட்டி, அவர்கள் கவலைப்பட்டார்கள். 1738 ஏப்ரலில் அவர் எழுதிய பதிலில், சமயத்துக்கோ நல்லொழுக்கத்துக்கோ மாறான எதுவும் சபையில் இல்லை என்று உறுதி கூறினார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதால் தாய்க்கு வருத்தம் உண்டாவது நியாயமே என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதை மாற்ற முயலவில்லை.

அதைவிடப் பெரிய கதவு ஒன்றும் மூடியிருந்தது. மனித சமத்துவத்தை ரசமட்டத்தால் உணர்த்திய சபையின் தலைவர், தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவர் நடத்திய பத்திரிகை அடிமைகளை விற்கும் விளம்பரங்களையும், தப்பியோடிய அடிமைகளைத் தேடும் விளம்பரங்களையும் வெளியிட்டது. தாமே தப்பியோடி வந்த பழகுநர் என்பது அப்போது அவர் நினைவுக்கு வந்ததா? பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத் தலைவர், உள்நாட்டுச் சபைகள் கதவைத் திறக்காததால், 1784-இல் லண்டனிலிருந்து அனுமதி பெற்றுத் தம் மக்களுக்கெனத் தனிச் சபை நிறுவ நேர்ந்தது. அச்சபையைச் சமமாக ஏற்க வெள்ளையர் சபைகள் பல தலைமுறைகள் மறுத்தன.

பிராங்க்ளினோ, அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்தபோது, அறிஞர்களும் கலைஞர்களும் நிறைந்த ஒன்பது சகோதரியர் சபையில் சேர்ந்தார். 1778-இல் 83 வயது வால்டேர் அவர் கையைப் பற்றியபடி அச்சபைக்குள் நுழைந்து உறுப்பினரானார். அடுத்த ஆண்டு பிராங்க்ளின் அதன் தலைவர். புகழின் உச்சி அது. ஆயினும் அவருடைய வாழ்வின் சிறந்த பகுதி அதற்குப் பின் வந்தது என்பேன்.

1787-இல், 81 வயதில், பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். ஏளனம் வந்தது, மனு ஒதுக்கப்பட்டது. ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் மறைந்தார். வாழ்நாள் தவறை இறுதி ஆண்டுகள் அழித்துவிடுமா என்றால், அழித்துவிடாது. ஆனால் 13 கட்டங்களில் கரும்புள்ளி வைக்கப் பழகிய ஒருவர், எண்பதைக் கடந்தபின்னும் தன் கணக்கைத் திருத்த முன்வந்தார்.

அவருடைய உயிலின் பின்னிணைப்பு என் போன்றோருக்குச் சுவையானது. பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுன் விட்டுச்சென்றார். மணமான, 25 வயதுக்கு உட்பட்ட, பழகுநர் காலத்தை ஒழுங்காக முடித்த கைவினைஞர்களுக்கு 5 விழுக்காடு வட்டியில் கடன் தர வேண்டும். பத்து ஆண்டுத் தவணையில் திரும்பப் பெற வேண்டும். 200 ஆண்டுகள் நிதி சுழல வேண்டும். கைவினைஞர் குறைந்த பிற்காலத்தில் அவர் கணக்கிட்ட அளவுக்குத் தொகை பெருகவில்லை. இருந்தும் 1990-இல் பாஸ்டனில் ஏறத்தாழ 50 லட்சம் டாலரும் பிலடெல்பியாவில் ஏறத்தாழ 20 லட்சம் டாலரும் இருந்தன.

கூட்டு வட்டியின் வியப்பைவிட ஒரு நிபந்தனை என்னைக் கவர்ந்தது. கடன் கேட்பவருக்கு நல்லொழுக்கச் சான்றும் இரண்டு பேரின் பிணையும் வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குக் காரணமாக, இளமையில் இரு நண்பர்கள் தந்த கடனே தம் வாழ்வுக்கு அடித்தளம் என்று உயிலிலேயே பதிவு செய்தார் அவர். கோல்மனையும் கிரேசையும் அறுபது ஆண்டுகள் கழித்தும் அவர் மறக்கவில்லை. தம் சுயசரிதையில் ஃப்ரீமேசன் சபையைப் பற்றி ஏறக்குறைய ஏதும் எழுதாதவர், ஜண்டோவைப் பற்றி விரிவாகவே எழுதினார்.

நட்பு மனத்தில் பிறக்கிறது என்பது சரி. ஆனால் நாளும் நேரமும் கேள்வியும் இல்லாத நட்பு நல்லெண்ணமாகவே தேங்கிவிடுகிறது. சடங்கு தேவையில்லை என்று நான் சொன்னது தவறு. ஒழுங்கு நம்மைச் செதுக்கும். அதே ஒழுங்கு கதவாக மாறி, வெளியே நிற்பவரை மறக்கவும் செய்யும். உள்ளே கூடியதன் பயன் நூலகமாகவும் மருத்துவமனையாகவும் தெருவுக்கு வந்ததா என்பதே எந்த வட்டத்துக்கும் உரைகல்.

எங்கள் வாசிப்பு வட்டத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. கேள்விகள் ஏழு மட்டும். முதல் கேள்வி, இந்த வாரம் என்ன படித்தீர்கள் என்பது. கடைசிக் கேள்வி, இங்கே இருக்க வேண்டிய யார் இன்னும் வெளியே நிற்கிறார் என்பது. சென்ற வாரம் தெருமுனைத் தையற்கடைக்காரர் பெயரைச் சொன்னோம். வரும் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (பணி நிறைவு).