பி.கே. ரோசி: நடிக்கத் துணிந்தவர், நடித்ததற்காக ஊரை விட்டே துரத்தப்பட்டவர்

ஆடிஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்துல 'வேண்டாம்ப்பா' என்று பின்வாங்கியிருக்கிறீர்களா? நன்றாக நடிக்க வருமா, பார்ப்பவர்கள் சிரிப்பார்களா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் நடித்து முடித்த பிறகு வீட்டையே எரிப்பார்கள் என்றால்?

மலையாள சினிமாவின் முதல் நாயகி பி.கே. ரோசிக்கு அதுதான் நடந்தது.

யார் இந்த ரோசி?

1903-ல் திருவனந்தபுரத்தில், தலித் மக்களான புலையர் சமூகத்தில் பிறந்தவர். இயற்பெயர் ராஜம்மா. புல் அறுத்துப் பிழைத்த ஏழைக் குடும்பம். ஆனாலும் நடிப்பை விடவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து பேசி ஆடும் காக்காரிசி நாடகத்தில் தேர்ந்தார். பெண்கள் மேடையேறுவதையே கேவலமாகப் பார்த்த காலம் அது.

சினிமா வாய்ப்பு எப்படி வந்தது?

அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த தமிழரான ஜே.சி. டேனியல், சொந்த நிலத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அதுதான். பம்பாயிலிருந்து அழைத்து வந்த நடிகை சரிப்பட்டு வரவில்லை. அப்போதுதான் ரோசி தேர்வானார். அவருக்குக் கொடுக்கப்பட்டது சரோஜினி என்ற நாயர் பெண் வேடம்.

அதன் பிறகு என்ன ஆனது?

திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. ரோசி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் பிரமுகர்கள். சொந்தப் படத்தின் முதல் காட்சியில் அவருக்கு இடமில்லை. தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததையும், அவர் தலையில் சூடிய பூவை நாயகன் முத்தமிட்டதையும் சிலரால் பொறுக்க முடியவில்லை. திரையில் கல் விழுந்தது. ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஒரு லாரியில் ஏறித் தப்பினார். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று இன்று நீங்கள் பஸ்ஸில் சாதாரணமாகக் கடந்து போகிறீர்களே, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் சாலை அந்த ஊர்கள் வழியாகத்தான் செல்கிறது. நாகர்கோவில் பக்கம் வந்தவர், லாரி ஓட்டுநரான கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாளாக வாழ்ந்தார். மறுபடி நடிக்கவே இல்லை. 1988-ல் இறந்தார். அவர் நடித்த படத்தின் பிரதியும் இன்று இல்லை.

டேனியலும் அதன் பிறகு கதைப்படம் எதுவும் எடுக்கவில்லை. பல் மருத்துவராகப் பிழைத்து, 1975-ல் இறந்தார். 1992 முதல் கேரள அரசு அவர் பெயரில் விருது வழங்குகிறது. ரோசிக்கு அங்கீகாரம் இன்னும் தாமதமாகவே வந்தது: 2013-ல் 'செல்லுலாய்டு' படம் அவர் கதையைச் சொன்னது. 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

ரோசிக்குத் தைரியம் குறையவில்லை, திறமையும் குறையவில்லை. அவரை ஏற்கும் மனசுதான் அரங்கத்தில் இல்லை. அதனால் அடுத்த முறை மேடையேறப் பயந்தால், அந்தப் பயம் உங்கள் திறமையைப் பற்றியதா, பார்ப்பவர்களைப் பற்றியதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதலாவதுக்குப் பயிற்சி போதும். இரண்டாவதை நீங்கள் மட்டும் மாற்ற முடியாது. நீங்கள் பார்வையாளராக உட்காரும் நாளில், மேடையில் நிற்பவர் யாராக இருந்தாலும் நடிப்பை மட்டும் பாருங்கள். மாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கும்.