நேரு வளர்த்த வெளிநாட்டு இலாகா

வெளிநாட்டு இலாகா என்றால் விருந்தும் கைகுலுக்கலும்தான் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அது எப்படி அமைந்தது, எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்பும் நண்பர்களுக்கு ஜவாஹர்லால் நேருவின் வாழ்க்கையையே நான் காட்டுவேன்.

1889-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்த நேரு, இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று பாரிஸ்டரானார். 1927-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டிற்குக் காங்கிரஸின் பிரதிநிதியாகச் சென்றார். அடிமைப்பட்ட பிற நாடுகளின் தலைவர்களோடு அங்கே பழகினார். 1936-இல் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, கட்சிக்கென ஒரு வெளிநாட்டுப் பிரிவைத் தொடங்கி, இளைஞரான ராம் மனோகர் லோகியாவிடம் ஒப்படைத்தார். நாடு நம் கைக்கு வருமுன்பே நாட்டின் வெளியுறவுக்கு வித்திட்டு விட்டார்!

1946 செப்டம்பர் 2-ஆம் நாள் இடைக்கால சர்க்கார் அமைந்தது. அப்போது வெளிவிவகாரத்துக்கு ஓர் இலாகாவும், காமன்வெல்த் உறவுக்கு வேறோர் இலாகாவும் இருந்தன. இரண்டையும் நேருவே ஏற்றார். அவை 1947-இல் ஒன்றாயின. இந்திய வெளிநாட்டுப் பணியைத் தோற்றுவிக்கும் முடிவு 1946 அக்டோபர் 9-ஆம் நாள் எடுக்கப்பட்டது.

இலாகா பிறந்தது, நடத்த ஆள் வேண்டுமே! நேரு அகமத்நகர்க் கோட்டையில் சிறையிருந்தபோது, பிரிட்டிஷ் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வாஷிங்டனில் இருந்தவர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். அவரையே நேரு இலாகாவின் தலைமைச் செயலாளராக அமர்த்தினார். பழைய பகையை விட நாட்டின் தேவை பெரிதென்று கருதிய இச்செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

இலாகாவின் அமைப்பு எளிதில் விளங்கக் கூடியது. மேலே மந்திரி; அவருக்குக் கீழே செயலாளர்கள். அவர்களின் கீழுள்ள பிரிவுகளில் சில, உலகின் ஒவ்வொரு பகுதியையும் கவனிக்கின்றன. மற்றவை உபசாரம், உடன்படிக்கை, விளம்பரம், பாஸ்போர்ட் போன்ற வேலைகளுக்கு உரியவை. காமன்வெல்த் நாடுகளுக்குச் செல்பவர் ஹை கமிஷனர். பிற நாடுகளுக்குச் செல்பவர் தூதர். அவர்கள் அனுப்பும் செய்தி, உரிய பிரிவில் ஆராயப்பட்டுச் செயலாளர் வழியாக மந்திரியை அடைகிறது. ஆணை அதே வழியில் திரும்புகிறது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து நம் கைக்கு மாறிய புதுச்சேரியின் நிர்வாகத்தை முதலில் மேற்பார்த்ததும் இந்த இலாகாதான் என்பது தமிழராகிய நமக்குச் சுவையான செய்தி.

ஆனால் இந்த ஏணியின் உச்சியில் ஒருவரே நெடுங்காலம் நின்றார். பிரதம மந்திரியாகவும் வெளிவிவகார மந்திரியாகவும் ஏறத்தாழ 17 ஆண்டுகள் நேரு இருந்தார். தூதர்களுக்கான தந்திகள் பலவற்றைத் தம் கையாலேயே எழுதினார். அவருடைய அறிவுக்கு முன்னே, மாறுபட்ட கருத்தைச் சொல்லக் கீழிருந்தோர் தயங்கியிருக்கக் கூடும். 1954-இல் சீனாவோடு பஞ்சசீல உடன்படிக்கை. 1962-இல் அதே சீனாவோடு போர்! அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எல்லா முடிவும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்ததும் அவற்றுள் ஒன்று என்பது என் கருத்து.

1964 மே 27-ஆம் நாள் மறையும் வரை அப்பொறுப்பை அவர் விடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஸ்வரண் சிங் வெளிவிவகார மந்திரியானார். நேருவின் கீழ்த் தலைமைச் செயலாளராக இருந்த என். ஆர். பிள்ளையின் தலைமையில் ஒரு குழு, வெளிநாட்டுப் பணியை ஆராய்ந்து 1966-இல் அறிக்கை தந்தது. கொள்கைகளை முன்கூட்டியே சிந்திக்கத் தனிப் பிரிவும் பின்னர் ஏற்பட்டது.

இவ்வளவு பெரிய அமைப்பை உருவாக்கி வளர்த்தவர் நேரு என்பதில் எனக்கு ஐயமில்லை. மந்திரிக்கு விருப்பமில்லாத உண்மையும் அவர் மேசையை அடைய வேண்டும். அதற்காகவே அத்தனை பிரிவுகளும் அத்தனை செயலாளர்களும் இருக்கின்றனர். நாளை அந்த நாற்காலிகளில் அமரப் போகும் நம் மாணவர்கள் இதை மறவாதிருப்பார்களாக!