தன் நோயின் பெயரைக் கேட்டறிய எட்டு மாதம் காத்திருந்த ரேச்சல் கார்சன்

1960 ஏப்ரலில், 52 வயதான ரேச்சல் கார்சனுக்கு மார்பகத்தை முழுமையாக அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் முறை அது. கட்டி புற்றுநோய்தானா என்று அவர் நேரடியாகவே கேட்டார். சந்தேகத்துக்கு இடமான கட்டி என்ற அளவில் பதில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேலதிகச் சிகிச்சை எதுவும் பரிந்துரைக்கப்படவில்லை. அவர் கையில் அப்போது முடியாமலிருந்த புத்தகம்தான், இரண்டு ஆண்டுகளின் பின் ‘மௌன வசந்தம்’ என்று பொருள்படும் பெயரில் வெளிவந்தது.

மலையகத்தில் பூச்சிநாசினிகள் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கார்சனின் பெயரும் வரும். ஆனால் கண்டியிலும் தெல்தோட்டை, புசல்லாவை பக்கங்களிலும் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களோடு பேசும்போது, எனக்கு நினைவுக்கு வருவது எழுத்தாளர் கார்சன் அல்ல, நோயாளியான கார்சன்.

1907 மே 27ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தை இறக்க, குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்தது. மேற்படிப்பைத் தொடர முடியாமல் அரசாங்க மீன்பிடித் திணைக்களத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1951இல் கடலைப் பற்றி எழுதிய நூல் பெரும் வெற்றி பெற்ற பிறகுதான் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1957இல் மருமகள் முறையான பெண் ஒருவர் இறந்தபோது, அவரின் ஐந்து வயது மகனைத் தன் பிள்ளையாக ஏற்றார். நோய் வந்தபோது அவரை நம்பி ஒரு சிறுவன் இருந்தான்.

அவருக்குச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையைப் பிரபலமாக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். கார்சன் படித்த அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பணியாற்றியவர். எவ்வளவு அதிகமாக வெட்டி எடுக்கிறோமோ அவ்வளவு நோயும் போய்விடும் என்ற அவரின் கருத்து ஏறக்குறைய 80 ஆண்டுகள் அறுவை அறைகளை ஆண்டது. நோயாளிக்கு உண்மையைச் சொல்லாமல் விடுவதும் அக்கால வழக்கமே. 1961இல் சிகாகோ வைத்தியசாலை ஒன்றில் 219 வைத்தியர்களிடம் நடத்திய ஆய்வில், சுமார் 90 சதவீதத்தினர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை என்பது தெரியவந்தது.

1960இன் இறுதியில் கார்சனின் நெஞ்சுப் பகுதியில் புதிதாக ஒரு வீக்கம் தென்பட்டது. இம்முறை கிளீவ்லாந்தில் இருந்த ஜோர்ஜ் கிரைல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரை நாடினார். எல்லாப் பெண்களுக்கும் அந்தப் பெரிய சத்திரசிகிச்சை தேவையில்லை என்று சக வைத்தியர்களின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் வாதாடியவர் அவர். கிரைல் எதையும் ஒளிக்கவில்லை. ஏப்ரலில் எடுத்த கட்டி புற்றுநோயே, அது அப்போதே பரவத் தொடங்கியிருந்தது என்பதை அவர் மூலமே கார்சன் அறிந்தார். அதன்பின் ஒவ்வொரு சிகிச்சையையும் விளக்கம் கேட்டே ஏற்றார். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் அப்படித்தான் போனார்.

‘மௌன வசந்தம்’ 1962 செப்டெம்பரில் வெளியானது. இரசாயனக் கம்பனிகள் அவரைத் தாக்கின. நோயைச் சொன்னால் அந்தக் கசப்பில்தான் எழுதினார் என்பார்கள் என்று அஞ்சி, அவர் அதை வெளியுலகுக்கு மறைத்தார். சிகிச்சையில் முடி கொட்டியதால் பொய்முடி அணிந்துகொண்டு, 1963 ஜூனில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியமளித்தார். 1964 ஏப்ரல் 14ஆம் திகதி, 56ஆவது வயதில் இறந்தார்.

நம் நாட்டில் 1960களின் இறுதியில் மலேரியா மீண்டும் பரவியதற்குக்கூட அவரைக் குறைசொல்வோர் உண்டு. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்ததும் இங்கு டீடீடீ தெளிப்பு நிறுத்தப்பட்டது. அமெரிக்கா அதைத் தடைசெய்தது 1972இல்தான்.

கிரைல் சொன்னது சரி என்பது பின்னர் நிரூபணமானது. அமெரிக்காவில் பேர்னார்ட் பிஷரும் இத்தாலியில் உம்பேர்ட்டோ வெரோனேசியும் 1970களில் பெரிய ஆய்வுகளைத் தொடங்கினர். ஆரம்பக் கட்ட நோயில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பகத்தையும் எடுத்தாலும், உயிர் பிழைப்போர் விகிதம் ஒன்றே என்பதை 2002இல் வெளியான அவற்றின் 20 ஆண்டு முடிவுகள் உறுதிசெய்தன.

ஆகவே இன்று பல பெண்களின் முன் உண்மையான ஒரு தெரிவு இருக்கிறது. கட்டி பெரிதாக இருந்தாலோ, ஒரே மார்பகத்தில் பல இடங்களில் இருந்தாலோ, முழுவதும் எடுப்பதே பொருத்தமாகலாம். மார்பகத்தைக் காப்பாற்றும் முறைக்குச் சில வாரங்கள் கதிர்வீச்சு அவசியம். ஓரம் சுத்தமாக வராவிட்டால் இரண்டாவது சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். முழுவதும் எடுத்தவர்களிலும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும்.

இந்தக் கணக்கில் நம் தோட்டப் பெண்களுக்கு இன்னொரு வரியும் சேர்கிறது. கதிர்வீச்சுக்காக வார நாட்களில் கண்டிக்கு வந்துபோக வேண்டும். பஸ் காசு, இழக்கும் நாட்சம்பளம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எல்லாம் தெரிந்து எடுத்தால் அதுவும் நல்ல முடிவே. மற்ற வழி இருப்பதையே அறியாமல், அல்லது விளங்காத மொழியில் நீட்டிய படிவத்தில் கையொப்பமிட்டு எடுத்தால் அது முடிவாகாது.

என் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எனக்கு இரண்டு வழியும் பொருந்துமா, கதிர்வீச்சு எத்தனை நாள், இதைத் தமிழில் விளக்க யாராவது இருக்கிறார்களா? இவற்றைக் கேட்க எந்தப் பெண்ணும் கூச்சப்படத் தேவையில்லை. கார்சன் கேட்டார், முதல் முறை பதில் கிடைக்கவில்லை. வேறொரு வைத்தியரிடம் போய் மறுபடி கேட்டார்.