நொடிகளை வென்ற ஃபாங்கியோ

அர்ஜென்டினா நாட்டின் பால்கார்சே என்னும் ஊரில் 1911ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் ஹுவான் மானுவல் ஃபாங்கியோ பிறந்தார். இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய குடும்பம் அவருடையது. சிறுவயதிலேயே வண்டிகள் பழுதுபார்க்கும் பணிமனையில் சேர்ந்து, இயந்திரங்களின் இயல்பைக் கற்றார். 1940ஆம் ஆண்டு பியூனஸ் அயர்ஸிலிருந்து பெருவின் தலைநகரான லிமாவுக்குச் சென்று திரும்பும், 9,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடும்பந்தயத்தில் வென்று நாடறிந்த ஓட்டுநரானார்.

ஃபார்முலா ஒன்று பந்தயத்தில், 1951ஆம் ஆண்டு தம் நாற்பதாம் வயதில் அவர் முதன்முறையாக உலகப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, இரவு முழுவதும் உறங்காமல் பாரிசிலிருந்து வண்டியோட்டி இத்தாலியின் மோன்சாவை அடைந்தவர், அக்களைப்போடு பந்தயத்தில் இறங்கினார். வண்டி தடம்புரண்டு கழுத்தெலும்பு முறிந்தது. அவ்வாண்டின் எஞ்சிய பந்தயங்களை இழந்தார். எனினும் மீண்டு வந்து, 1954 முதல் 1957 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றார்.

பந்தயத்தை விரும்புவோர் சுற்று நேரத்தை ஏன் கூர்ந்து நோக்குகின்றனர் என்பதற்கு, 1957 ஆகஸ்ட் 4ஆம் நாள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த போட்டியே சிறந்த சான்று. அத்தடத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர். ஓரிடத்தில் நிற்பவரைக் கடந்து சென்ற வண்டி, ஒன்பது நிமிடங்களுக்குப் பின்னரே மீண்டும் கண்ணில் படும். முன்னிருப்பவர் யார் என்பதை வரிசை சொல்லும். நெருங்கி வருபவர் யார் என்பதைச் சுற்று நேரமே சொல்லும்.

அன்றைய போட்டி 22 சுற்றுகளைக் கொண்டது. ஃபெராரி வண்டிகளை ஓட்டிய மைக் ஹாதார்னும் பீட்டர் காலின்சும் இடையில் நிற்காமல் ஓடத் திட்டமிட்டனர். மசராட்டியை ஓட்டிய ஃபாங்கியோவோ பாதியளவு எரிபொருளுடன் புறப்பட்டார். எடை குறைந்தால் விரைவு கூடும் என்பது அவர் கணக்கு. ஏறத்தாழ அரை நிமிடம் முன்னிலை பெற்றபின், பன்னிரண்டாம் சுற்றின் முடிவில் எரிபொருள் நிரப்பவும் சக்கரங்களை மாற்றவும் நின்றார். அப்பணி எதிர்பார்த்ததினும் நீண்டது. மீண்டும் புறப்பட்டபோது முக்கால் நிமிட அளவுக்குப் பின்தங்கியிருந்தார். எஞ்சியவை பத்துச் சுற்றுகளே.

அதன்பின் சுற்றுதோறும் இடைவெளி சுருங்கியது. தடத்தின் சாதனை நேரத்தை அவர் மீண்டும் மீண்டும் முறியடித்தார். முந்தைய ஆண்டு அவரே படைத்த சாதனை 9 நிமிடம் 41.6 நொடி. இருபதாம் சுற்றை அவர் 9 நிமிடம் 17.4 நொடியில் முடித்தார். இருபத்தொன்றாம் சுற்றில் இருவரையும் முந்தி, 3.6 நொடி வேறுபாட்டில் வென்றார். அப்போது அவருக்கு வயது 46. அவ்வெற்றியே ஐந்தாம் பட்டத்தை உறுதிசெய்தது. உலகப் பட்டப் போட்டிகளில் அவருடைய இறுதி வெற்றியும் அதுவே.

1958ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற ஃபாங்கியோ, தாம் பங்கேற்ற 51 உலகப் பட்டப் போட்டிகளில் 24இல் வென்றிருந்தார். 1995ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய ஐந்து பட்டங்கள் என்னும் சாதனையை 2003ஆம் ஆண்டு வரை எவரும் விஞ்சவில்லை. பின்தங்கிய நிலையிலும் மனந்தளராமல், கைவசமிருந்த ஒவ்வொரு சுற்றையும் முழுமையாகப் பயன்படுத்திய உழைப்பின் அளவுகோலாக அந்நொடிகள் இன்றும் நினைக்கப்படுகின்றன.